கலை எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகளாக ஓவிய வகுப்பு நடத்துகிறேன். ஆர்வம் உள்ளவர்களைக் கண்காட்சிகளுக்கு அழைத்துச் செல்வதும் உண்டு. வகுப்பிலும் வழியிலும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் என்னிடம் வருகின்றன. சிலர் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள், சிலர் கோபமாகவே கேட்பார்கள். கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். கலை என்று நான் சொல்லும்போது ஓவியம், சிற்பம் மட்டுமல்லாமல் இசை, நடனம், நாடகம், இலக்கியம், புகைப்படம், சினிமா எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

கலை என்றால் என்ன? அழகாக இருப்பதெல்லாம் கலைதானா?

அந்திவானம் அழகு, அதை யாரும் கலை என்று சொல்வதில்லை. ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1903-இல் உருவாக்கிய ஓர் அச்சுப்படத்தில், இறந்த குழந்தையைத் தாய் ஒருத்தி தன் உடலோடு சேர்த்து இறுக்கிக்கொண்டிருக்கிறாள். அதன் முன்னால் நின்று "அழகாக இருக்கிறது" என்று சொல்ல வாய் வராது. ஆனால் அது கலை என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது.

வகுப்பில் நான் சொல்லும் விளக்கம் இதுதான்: ஒருவர் தாம் ஆழ்ந்து கவனித்த ஒன்றை, இன்னொருவரும் நின்று கவனிக்கும்படி ஒரு வடிவத்தில் வைப்பது கலை. கவனித்தது ஒரு முகமாக இருக்கலாம், மனத்துக்குள் இருக்கும் பயமாக இருக்கலாம், ஒரு தாளமாக இருக்கலாம். அறிஞர்கள் இதைவிட நுட்பமான இலக்கணங்கள் வகுத்திருக்கிறார்கள். கீழே வரும் கேள்விகளுக்கு இது போதும். "கவனித்தவர்" என்ற சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சுவர் இருந்தால்தானே சித்திரம்? வயிற்றுப்பாட்டைப் பார்த்துவிட்டு அப்புறம் கலையைப் பற்றிப் பேசலாமே?

இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகமாகக் கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் உழைத்துக் களைத்தவர்கள். அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் வரலாறு வேறு மாதிரி நடந்திருக்கிறது. இந்தோனேசியாவின் சுலாவெசி தீவில், ஒரு குகையின் பாறையில் செங்காவி நிறத்தில் ஒரு காட்டுப்பன்றி வரையப்பட்டிருக்கிறது. அது குறைந்தது 45,500 ஆண்டுகள் பழமையானது என்று 2021-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஜெர்மனியின் ஹோலெ ஃபெல்ஸ் குகையில் கிடைத்த கழுகெலும்புக் குழலுக்கு வயது ஏறத்தாழ 40,000. விவசாயம் தொடங்கியது சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன்புதான். அதாவது, சுவர் கட்டக் கற்பதற்கு மிகவும் முன்பே மனிதர்கள் பாறையைச் சுவராக்கிச் சித்திரம் எழுதியிருக்கிறார்கள். அடுத்த வேளைக்கு உத்தரவாதம் இல்லாதவர்கள் எலும்பில் துளையிட்டு ஊதியிருக்கிறார்கள்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராட் நகரம் 872 நாட்கள் முற்றுகையில் கிடந்தது. பட்டினியில் லட்சக்கணக்கானவர்கள் மடிந்தார்கள். அந்த நகரத்தில் 1942 ஆகஸ்ட் 9 அன்று ஷோஸ்டகோவிச்சின் ஏழாவது சிம்பொனி வாசிக்கப்பட்டது. வானொலி இசைக்குழுவில் பலர் இறந்துவிட்டார்கள், உயிரோடு இருந்தவர்களுக்கு ஊதுகருவியை ஊத மூச்சு போதவில்லை. இசை தெரிந்த போர்வீரர்களை வரவழைத்துக் குழுவை நிரப்பினார் நடத்துநர் கார்ல் எலியாஸ்பெர்க். ஒலிபெருக்கிகள் அந்த இசையை நகரம் முழுவதற்கும், முற்றுகையிட்டிருந்த ஜெர்மானியப் படைகளுக்கும் கொண்டுபோயின. பசித்தவர்களுக்குக் கலை தேவையில்லை என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் பசித்தவர்கள்தான். அவர்கள் அப்படி முடிவு செய்யவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாஜிகளின் தெரேசின் முகாமில் ஃபிரீட்ல் டிக்கர்-பிரண்டைஸ் என்ற ஓவியர் குழந்தைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தார். கிடைத்த காகிதத்தில் வரையச் சொல்லி, வரைந்தவர்களைத் தங்கள் பெயரை எழுதச் சொன்னார். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரிடம் படித்த குழந்தைகளில் பெரும்பாலானவர்களும் கொல்லப்பட்டார்கள். இரண்டு பெட்டிகளில் மறைத்து வைக்கப்பட்ட ஏறத்தாழ 4,500 ஓவியங்கள் தப்பின. இன்று அவை பிராக் நகரின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எண்ணாக மாற்றப்பட்ட பிள்ளைகளின் பெயர்கள் அந்தப் படங்களின் ஓரத்தில் அவர்களுடைய கையெழுத்திலேயே இருக்கின்றன.

சினிமா, பாப் பாட்டு, காமிக்ஸ் எல்லாம் கலையா, வெறும் பொழுதுபோக்கா?

வடிவத்தை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலைப் படம் 1831-ஐ ஒட்டி மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்து, சாமானியர்களும் வாங்கும் விலையில் விற்கப்பட்டது. இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் அதன் பிரதிகளைக் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கின்றன. 1895-இல் பாரிசில் லூமியேர் சகோதரர்கள் டிக்கெட் விற்றுப் படம் காட்டியபோது சினிமா ஒரு வேடிக்கைப் பொருளாகத்தான் இருந்தது.

நான் வைத்திருக்கும் சோதனை ஒன்று உண்டு. இரண்டாம் முறை பார்க்கும்போதோ கேட்கும்போதோ முதல் முறை காணாத ஒன்று கிடைக்கிறதா? கிடைத்தால் அங்கே யாரோ ஆழ்ந்து கவனித்திருக்கிறார்கள். பொழுதுபோக்கு கெட்டது என்று நான் நினைக்கவில்லை. களைத்த மனத்துக்கு அது வேண்டும்.

எனக்கு ஓவியம் புரியாது. கண்காட்சிக்குள் நுழைந்தாலே கூச்சமாக இருக்கிறது. எப்படிப் பார்க்க வேண்டும்?

கூச்சப்பட வேண்டாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் புகழ்பெற்ற ஓவியங்களின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று அளந்து 2001-இல் ஓர் ஆய்வு வெளியானது. சராசரி 27 நொடிகள். பாதிப் பேர் 17 நொடிகளுக்குமேல் நிற்கவில்லை. அந்த நேரத்தில் விவரப் பலகையையும் படித்துமுடித்திருப்பார்கள். பெரும்பாலும் "புரியவில்லை" என்பதற்குக் காரணம் அறிவுக் குறைவு இல்லை, நிற்காததுதான்.

எனவே நான் அழைத்துச் செல்பவர்களிடம் சொல்வது: நூறு படங்களைப் பார்க்காதீர்கள். சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, ஏதோ ஒரு காரணத்தால் உங்களை இழுத்த இரண்டு அல்லது மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றின் முன்னும் பத்து நிமிடம் நில்லுங்கள். பெயர்ப்பலகையைக் கடைசியில் படியுங்கள். என்ன தெரிகிறது என்பதைத் துணைக்கு வந்தவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இடது பக்கம் ஒரு ஜன்னல், வெளிச்சம் அங்கிருந்து வருகிறது, இந்தப் பெண் வெளிச்சத்தைப் பார்க்கவில்லை." என் கண் முதலில் எங்கே போனது, ஏன் போனது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அருகே போய்த் தூரிகை ஓடிய தடத்தைப் பாருங்கள், மறுபடி பின்வாங்குங்கள்.

ஒருமுறை எங்களோடு வந்த ஒரு கணக்காளர், தமக்கு இதெல்லாம் வராது என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு முதியவரின் உருவப்படத்தின் முன் நான்கு நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு, "முகம் சிரிக்கிறது, ஆனால் கை நாற்காலியை இறுக்கிப் பிடித்திருக்கிறது" என்றார். நான் அந்தப் படத்தைப் பலமுறை பார்த்தவன். அந்தக் கையை அன்றுதான் பார்த்தேன்.

வெறும் இரண்டு கோடு போட்டுவிட்டுக் கலை என்கிறார்கள். என் ஐந்து வயது மகளும் இதைச் செய்வாளே?

கோட்டைப் போட்டுவிடுவாள். அந்தக் கோடு அங்கே வேண்டும் என்று முடிவெடுப்பது வேறு வேலை. வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1981-இல் நடந்த போட்டிக்கு 1,421 வடிவமைப்புகள் வந்தன. பெயர் மறைத்துத் தேர்வு செய்தபோது வென்றவர் 21 வயது மாணவி மாயா லின். அவர் வரைந்தது கிட்டத்தட்ட நீங்கள் சொல்லும் இரண்டு கோடுதான்: நிலத்துக்குள் இறங்கி ஒரு முனையில் சந்திக்கும் இரண்டு கருங்கல் சுவர்கள். சிலை இல்லை, கொடி இல்லை. இறந்தவர்களின் பெயர்கள், அவர்கள் இறந்த வரிசையில். கறுத்த வடு, அவமானச் சின்னம் என்றெல்லாம் எதிர்ப்பு கிளம்பியது.

1982-இல் அது திறக்கப்பட்டது. 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இருக்கின்றன. வருகிறவர்கள் தாங்கள் தேடும் பெயரை விரலால் தொடுகிறார்கள். மெருகேற்றிய கல்லில் அந்தப் பெயரின் மேல் தங்கள் முகமே தெரிகிறது. காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பெயரை எடுத்துக்கொண்டு போகிறார்கள். அலங்காரம் எல்லாவற்றையும் நீக்கியதால்தான் துக்கம் நிற்க இடம் கிடைத்தது. அந்த நீக்கத்துக்குத் துணிவும் தெளிவும் வேண்டும்.

அதே சமயம், நவீனக் கலை என்ற பெயரில் வெறுமையாக இருக்கும் படைப்புகளும் உண்டு. நின்று பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அப்படியே சொல்லுங்கள். ரசிப்பதாக நடிக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. நிற்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஒரு ஓவியம் எந்தப் போரை நிறுத்தியிருக்கிறது? கலையால் சமூகம் மாறும் என்பது மிகை இல்லையா?

எந்தப் போரையும் நிறுத்தியதாக எனக்குத் தெரியவில்லை. 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினின் குவெர்னிக்கா நகரத்தின்மேல் ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு வீசின. அடுத்த சில வாரங்களில் பிக்காசோ ஏறத்தாழ எட்டு மீட்டர் அகலத்தில் அந்த நகரத்தின் பெயரிலேயே ஓர் ஓவியத்தை வரைந்து முடித்தார். ஆனால் 1939-இல் அந்த உள்நாட்டுப் போரில் சர்வாதிகாரி பிராங்கோ வென்றார். ஸ்பெயினில் மக்களாட்சி திரும்பும்வரை ஓவியம் அங்கே போகக் கூடாது என்று பிக்காசோ சொல்லியிருந்ததால், அது 1981-இல்தான் ஸ்பெயினுக்கு வந்தது.

இருந்தும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த ஓவியத்தின் நெசவுப் பிரதி ஒன்று ஐக்கிய நாடுகள் சபையில், பாதுகாப்பு அவையின் வாயிலருகே தொங்கிக்கொண்டிருந்தது. 2003 பிப்ரவரியில் ஈராக் மீதான போருக்கு ஆதரவு தேடி அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அங்கே பேச வந்தபோது, அது நீலத் திரையால் மூடப்பட்டிருந்தது. தொலைக்காட்சிக் கேமராக்களுக்குப் பின்னணி சரியாக இருக்க வேண்டும் என்று காரணம் சொல்லப்பட்டது. 66 ஆண்டுகள் பழைய ஒரு படத்தின் முன் நின்று போரைப் பற்றிப் பேசுவது அவ்வளவு கடினமாகிவிட்டது. வங்கப் பஞ்சத்தின்போது, 1943-இல், ஓவியர் சித்தபிரசாத் கிராமம் கிராமமாக நடந்து பட்டினியில் கிடந்தவர்களை வரைந்து புத்தகமாக வெளியிட்டார். ஆங்கிலேய அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. நாஜிகளோ அருங்காட்சியகங்களிலிருந்து பறித்த சுமார் 650 படைப்புகளை, "சீரழிந்த கலை" என்று பெயரிட்டு 1937-இல் முனிக்கில் கேவலப்படுத்திக் காட்டினார்கள். கலைக்கு ஆற்றல் இல்லை என்று சாமானியர்கள் நினைக்கலாம். அடக்கி ஆண்டவர்கள் ஒருபோதும் அப்படி நினைத்ததில்லை.

சமூகம் சட்டத்தாலும் போராட்டத்தாலும் மாறுகிறது. எதை மாற்ற வேண்டும் என்று கண்ணில் படுவதற்குக் கலை உதவுகிறது. நடந்ததை நடக்கவில்லை என்று யாரும் பிற்பாடு சொல்ல முடியாமல் செய்கிறது. இது சிறிய வேலை இல்லை.

அப்படியானால் கலையை ரசிப்பவர்கள் நல்ல மனிதர்கள் ஆகிவிடுவார்களா?

இல்லை. இதை நான் மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறேன். ஆஷ்விட்ஸ் முகாமில் கைதிகளைக் கொண்ட பெண்கள் இசைக்குழு ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் அல்மா ரோசே. இசைமேதை குஸ்டாவ் மாலருக்கு உடன்பிறந்தவளின் மகள். வேலைக்குப் போகும் கைதிகளின் நடைக்கு அவர்கள் வாசித்தார்கள், அதிகாரிகள் ரசிப்பதற்கும் வாசித்தார்கள். ரசித்த அதிகாரிகள் மறுநாளும் கொன்றார்கள். அல்மா ரோசே 1944-இல் முகாமிலேயே இறந்தார்.

ஆகவே கலை மனிதனைத் தானாகத் திருத்திவிடும் என்று சொல்லும் யாரையும் நம்பாதீர்கள். பிறர் வலியைக் காட்ட அதனால் முடியும், பார்த்தபின் என்ன செய்வது என்பது பார்த்தவரின் பொறுப்பு. வெறுப்பைப் பரப்பவும் அதே திறமை பயன்படும். பிரச்சாரப் படங்களில் தேர்ந்த ஒளியமைப்பும் இசையும் இருந்திருக்கின்றன. அதனால்தான் பள்ளிகளில் வரையக் கற்றுக்கொடுப்பதோடு, ஒரு படம் நம்மிடம் என்ன செய்யப் பார்க்கிறது என்று கேட்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்கிறேன்.

மொசார்ட் இசை கேட்டால் பிள்ளைகளுக்கு மூளை வளருமாமே?

1993-இல் வெளியான ஒரு சிறு ஆய்விலிருந்து கிளம்பிய நம்பிக்கை இது. அதில் கலந்துகொண்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள்; குழந்தைகள் யாரும் இல்லை. மொசார்ட்டின் ஓர் இசைக்கோவையைக் கேட்டபின், இடவடிவம் சார்ந்த ஒரு சோதனையில் சற்றுக் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள். அந்த விளைவும் பத்துப் பதினைந்து நிமிடங்களில் மறைந்துவிட்டது. அதற்குள் செய்தி ஊதிப் பெருத்து, 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இசைத்தட்டு தர நிதி கேட்கும் அளவுக்குப் போனது.

பிள்ளைகளுக்கு இசை கொடுங்கள், இசைக்காகவே கொடுங்கள். கணக்கில் மதிப்பெண் வாங்கக் கணக்குப் போட வேண்டும்.

கலை நோயைக் குணமாக்கும் என்பது உண்மையா?

மருந்துக்கு மாற்று ஆகாது. துணையாக நிற்கும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, நோய்த் தடுப்பிலும் சிகிச்சைக்குத் துணையாகவும் கலைகளுக்குப் பங்கு இருக்கிறது என்று சொன்னது. மனம் உடைந்திருப்பவரிடம் "படம் வரை, சரியாகிவிடும்" என்று சொல்லி மருத்துவரிடம் அனுப்பாமல் விடுவது தவறு.

ஒரே ஒரு ஓவியம் கோடிக்கணக்கில் விற்கிறதே, அவ்வளவு மதிப்பா அதற்கு?

விலை வேறு, மதிப்பு வேறு. "உலக ரட்சகர்" என்ற பொருளில் அழைக்கப்படும் கிறிஸ்து ஓவியம் 1958-இல் லண்டனில் 45 பவுண்டுக்கு ஏலம் போனது. அப்போது அதை லியொனார்டோ டா வின்சியின் சீடர் ஒருவர் வரைந்ததாக நினைத்தார்கள். லியொனார்டோவின் கைவண்ணமே என்று சொல்லி 2017-இல் விற்றபோது 45 கோடி டாலருக்குப் போனது. இரண்டு முறையும் விற்றது அதே மரப்பலகைதான். இடையில் அது சுத்தம் செய்யப்பட்டுச் சீரமைக்கப்பட்டது. ஆனால் விலையை ஏற்றியது பெயர். அந்தப் பெயர் பொருந்துமா என்பதில் வல்லுநர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. வாங்குவோரின் போட்டி, அரிதாகக் கிடைப்பது, முதலீட்டு ஆசை இவை எல்லாம் சேர்ந்ததே விலை.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். வின்சென்ட் வான்கோ 1890-இல் 37 வயதில் இறந்தபோது அவர் படங்களுக்குச் சந்தையே இல்லை. ஆறு மாதத்தில் தம்பி தியோவும் இறந்தார். தியோவின் மனைவி யோஹானா, 28 வயது, கையில் குழந்தை, வீடு நிறைய யாரும் வாங்காத ஓவியங்கள். அவர் அவற்றைக் கைவிடவில்லை. கண்காட்சிகள் நடத்தினார், விமர்சகர்களைத் தேடிப் போனார், கடிதங்களைத் தொகுத்து 1914-இல் வெளியிட்டார். நமக்கு வான்கோ கிடைத்தது அந்தப் பெண்மணியின் இருபது ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பால். விலை இல்லாத நாளிலேயே மதிப்பைக் கண்டவர் அவர்.

மருத்துவமனையில் படுக்கை இல்லாதபோது அரசு ஏன் மக்கள் பணத்தைக் கலைக்குக் கொடுக்க வேண்டும்?

மருத்துவமனைக்குக் கொடுக்க வேண்டும், அதில் வாதம் இல்லை. ஆனால் கலைக்குச் செலவிடப்படும் பங்கு பெரும்பாலான நாடுகளின் நிதிநிலை அறிக்கையில் மிகச் சிறியது. அதை நிறுத்துவதால் படுக்கைகள் வந்துவிடப் போவதில்லை.

ஏன் உதவி தேவைப்படுகிறது என்பதற்குப் பாமோல், போவன் என்ற இரு பொருளியலாளர்கள் 1966-இல் தெளிவான விளக்கம் தந்தார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஒரே ஆள் முன்பைவிடப் பல மடங்கு பொருள் செய்கிறார், கூலியும் ஏறுகிறது. ஆனால் நால்வர் வாசிக்க வேண்டிய பீத்தோவன் இசையை வாசிக்க இன்றும் நால்வர் வேண்டும், அதே நேரம் வேண்டும். வேகமாக வாசித்து மிச்சம் பிடிக்க முடியாது. மற்ற தொழில்களின் கூலி ஏற ஏற, நேரடிக் கலைகளின் செலவும் ஏறிக்கொண்டே போகும். டிக்கெட் விலையால் மட்டும் அதைச் சமாளித்தால் வசதி உள்ளவர்கள் மட்டுமே உள்ளே இருப்பார்கள். 1948-ஆம் ஆண்டின் அனைத்துலக மனித உரிமைப் பிரகடனம், 27-ஆம் பிரிவில், சமூகத்தின் பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பதும் கலைகளைத் துய்ப்பதும் ஒவ்வொருவரின் உரிமை என்கிறது.

பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1935 முதல் 1943 வரை, அமெரிக்க அரசு ஆயிரக்கணக்கான ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. பின்னாளில் புகழ்பெற்ற ஜாக்சன் போலக், மார்க் ரோத்கோ இருவரும் அந்தச் சம்பளத்தில் வாழ்ந்தவர்கள். அயர்லாந்து 2022-இல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ அடிப்படை வருமானம் தரும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. பணம் கொடுக்கும் அரசு, என்ன வரைய வேண்டும் என்று சொல்லாமல் இருக்க வேண்டும். அந்த இடைவெளி காக்கப்படாத நாட்டில் உதவி தராமலேயே இருப்பது நல்லது என்பேன்.

நாங்கள் நடக்கும் இடத்தில் வைத்த சிற்பம் எங்களுக்குப் பிடிக்காவிட்டால் என்ன செய்வது?

நியூயார்க்கில் ஓர் அரசு அலுவலக வளாகத்தின் நடுவே 1981-இல் ரிச்சர்ட் செராவின் இரும்புச் சுவர் ஒன்று எழுப்பப்பட்டது. 120 அடி நீளம், 12 அடி உயரம். அங்கே வேலை செய்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. வழக்கு, பொது விசாரணை எல்லாம் நடந்தபின் 1989-இல் வெட்டி எடுக்கப்பட்டது. அந்த இடத்துக்காகவே செய்த படைப்பை அங்கிருந்து எடுப்பது அழிப்பதற்குச் சமம் என்று செரா வாதிட்டார். நான் செராவை மதிக்கிறேன். ஆனால் கண்காட்சிக்குள் போவது என் விருப்பம், தினமும் வேலைக்குப் போகும் வழி அப்படியில்லை. பொது இடத்தில் வைப்பவர்கள் அங்கே வாழ்பவர்களிடம் முன்கூட்டியே பேச வேண்டும். அதோடு, புதிய படைப்புக்குச் சில ஆண்டுகளாவது அவகாசம் கொடுங்கள் என்று எதிர்ப்பவர்களிடமும் கேட்பேன். மாயா லினின் சுவருக்கு வந்த எதிர்ப்பை மேலே பார்த்தோம்.

பெரிய ஓவியர்கள் பட்டியலில் ஏன் பெண்கள் குறைவு? திறமை இல்லையா?

பாரிசின் புகழ்பெற்ற அரசு கலைப்பள்ளி 1897-இல்தான் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. உடற்கூறு வரையும் வகுப்புக்குள் நுழையவே விடாமல் வைத்திருந்துவிட்டு, ஏன் வரலாற்று ஓவியங்களை வரையவில்லை என்று கேட்பது நியாயமாகாது. கோல்விட்சையும் டிக்கர்-பிரண்டைசையும் மாயா லினையும் இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே சந்தித்துவிட்டீர்கள்.

கலைஞர் கொடியவர் என்று தெரிந்தபின் அவர் படைப்பை ரசிக்கலாமா?

இதற்கு ஒரே பதில் என்னிடம் இல்லை. இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1606-இல் ரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டு ஓடினார். அவர் ஓவியங்களின் முன் நான் கண்கலங்கி நின்றிருக்கிறேன். கொலையை மறக்கவும் இல்லை. ஆனால் அவர் இறந்து நான்கு நூற்றாண்டுகள் ஆகிவிட்டன, நான் பார்ப்பதால் யாருக்கும் புதிதாகக் காயம் இல்லை. கொடுமை செய்தவர் உயிரோடு இருந்து, நான் தரும் பணமும் புகழும் அவருக்குக் கேடயமாகும்போது, காயப்பட்டவர்களும் உயிரோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது, நான் வாங்குவதில்லை. இது என் நிலை. படைப்பை அழிக்க வேண்டும் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். நடந்ததை மறைத்துக் கொண்டாடுவதையும் ஏற்க மாட்டேன்.

செயற்கை நுண்ணறிவு நொடியில் படம் வரைகிறது, பாட்டு அமைக்கிறது. இனி ஓவியர் எதற்கு, பாடகர் எதற்கு?

1839-இல் புகைப்படக் கலை அறிவிக்கப்பட்டபோதும் ஓவியம் செத்தது என்றார்கள். உருவப்படம் வரைந்து பிழைத்த பலர் வேலை இழந்தது உண்மை. ஆனால் உள்ளதை உள்ளபடி காட்டும் பொறுப்பைக் கேமரா எடுத்துக்கொண்டதால், ஒளி மாறும் கணத்தை வரைய ஓவியர்கள் துணிந்தார்கள். 1874-இல் பாரிசில் அவர்கள் தனிக் கண்காட்சி வைத்தார்கள். கேலியாகச் சூட்டிய "இம்ப்ரெஷனிசம்" என்ற பெயரே அந்த இயக்கத்தின் பெயராயிற்று.

இந்த ஒப்பீட்டைச் சொல்லி நான் முன்பு மாணவர்களைத் தேற்றுவேன். இப்போது பாதி மட்டுமே சொல்கிறேன். கேமரா, ஓவியர்களின் படங்களைத் தின்று வளரவில்லை. இன்றைய கருவிகள், வாழும் கலைஞர்கள் உட்படக் கோடிக்கணக்கானவர்களின் படைப்புகளைப் பெரும்பாலும் அனுமதி கேளாமல் எடுத்துப் பயின்றவை. அவற்றின் முதல் போட்டியும் அதே கலைஞர்களோடுதான். இதில் நீதி வேண்டும்: அனுமதி, ஊதியம், பெயர். 2023-இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து பெற்ற ஒப்பந்தத்தில், இயந்திரத்தை எழுத்தாளராகக் கருத முடியாது என்பதும் ஒன்று. மனிதப் படைப்பாளி இல்லாத படத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்று அதே ஆண்டில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.

நீதிப் பிரச்சினை தீர்ந்தாலும் என் முதல் பதிலில் சொன்ன "கவனித்தவர்" எங்கே என்ற கேள்வி மிஞ்சும். அந்தத் தாயின் துக்கத்தை வரைந்த கோல்விட்ஸ், தம் ஏழு வயது மகனை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்து வரைந்தார். பதினொரு ஆண்டுகள் கழித்து அதே மகன் போரில் இறந்தான். இயந்திரம் அதைவிட நேர்த்தியான கோடுகளைத் தரலாம். அதற்கு மடியில் யாரும் இருந்ததில்லை. ஒரு கலைஞர் அதைக் கருவியாக எடுத்து, தாம் கவனித்த ஒன்றைச் சொல்லப் பயன்படுத்தினால், அதை மறுக்க மாட்டேன். தூரிகையும் ஒரு கருவிதான்.

என் மகள் ஓவியம்தான் படிப்பேன் என்கிறாள். பிழைக்க முடியுமா? திறமை இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிழைப்பது கடினம். மறைத்துச் சொல்ல மாட்டேன். கலைஞர்களில் பெரும்பாலானோர் கற்பித்தல், வடிவமைப்பு, பதிப்பகப் பணி என்று வேறொரு வருமானத்தையும் வைத்துக்கொண்டுதான் தங்கள் வேலையைச் செய்கிறார்கள். அதில் தாழ்வு எதுவும் இல்லை. அவளிடம் இதை வெளிப்படையாகப் பேசுங்கள், பயமுறுத்தாமல் பேசுங்கள்.

திறமையைவிடப் பழக்கத்தைப் பாருங்கள். சித்திரமும் கைப்பழக்கம் என்று சும்மா சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே தினமும் வரைகிறாளா? சரியாக வராத படத்தை மறுபடி எடுக்கிறாளா? ஆம் என்றால் தடுக்காதீர்கள். தடுத்தும் பயன் இராது.

நான் யாருக்கும் காட்டாமல் நோட்டில் கவிதை எழுதுகிறேன். பார்க்க இன்னொருவர் வேண்டும் என்கிறீர்களே, அப்படியானால் இதற்கு மதிப்பே இல்லையா?

என் விளக்கத்தை மிகச் சரியாக மடக்கிய கேள்வி இது. கேட்டவர் ஓர் ஓய்வுபெற்ற செவிலியர். அன்று எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை.

எமிலி டிக்கின்சன் ஏறத்தாழ 1,800 கவிதைகள் எழுதினார். அவர் வாழ்நாளில் அச்சேறியவை பத்து அல்லது சற்றுக் கூடுதல். பலவற்றைத் தாமே கையால் எழுதி, தைத்து, சிறு தொகுப்புகளாக வைத்திருந்தார். 1886-இல் அவர் இறந்தபின் தங்கை லவினியா அவற்றைக் கண்டெடுத்தார். முதல் தொகுப்பு 1890-இல் வந்தது. பெட்டிக்குள் இருந்த காலத்தில் அவை கவிதைகளாக இல்லாமல் போகவில்லை. இன்னொருவர் நின்று கவனிக்கும்படி ஒரு வடிவத்தில் வைப்பது என்றேன் இல்லையா? வைப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. அந்த இன்னொருவர் எப்போது வருவார், வருவாரா என்பது உங்கள் கையில் இல்லை. சில நேரம் அந்த இன்னொருவர், பத்தாண்டு கழித்து அதே நோட்டைத் திறக்கும் நீங்களாகவே இருக்கலாம்.

அவரிடம் நான் பிறகு சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். காட்டத் தோன்றும்வரை காட்ட வேண்டாம். நோட்டைப் பழைய காகிதத்தோடு போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கவிதையின் கீழும் தேதி எழுதுங்கள், முதல் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள்.